22.4 லிட்டருக்கு முன்னே

36 கிராம் நீரை மின்னாற்பகுத்தால் திட்ட வெப்ப அழுத்த நிலையில் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும்? நீரின் மூலக்கூறு எடை 18, ஆகவே 36 கிராம் என்பது 2 மோல், விடை 44.8 லிட்டர். மாணவர் இரண்டே வரிகளில் முடித்துவிடும் இக்கணக்கிற்காக வேதியியலார் அரை நூற்றாண்டு வழக்காடினர்.

இரு பருமன் ஹைட்ரஜன் ஒரு பருமன் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது என்பதை ஹம்போல்ட்டும் கே-லூசாக்கும் 1805இல் அளந்து கண்டனர். வாயுக்கள் யாவும் எளிய முழு எண் விகிதத்திலேயே கூடுகின்றன என்று 1808இல் கே-லூசாக் அறிவித்தார். அணுக்கொள்கை கண்ட டால்ட்டன் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? அவரோ ஏற்க மறுத்தார்!

காரணம் இதுதான். ஒரு பருமன் நைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரு பருமன் நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கிறது. சம பருமன்களில் சம எண்ணிக்கைத் துகள்கள் உள்ளன என்று கொள்வோம். 100 நைட்ரஜன் அணுக்களும் 100 ஆக்சிஜன் அணுக்களும் 200 துகள்களாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொன்றிலும் பாதி அணுதான் இருக்கும். பிளக்க முடியாத அணுவில் பாதி ஏது? கே-லூசாக்கின் அளவீடுகளையே டால்ட்டன் ஐயுற்றார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வாயுத் தனிமங்களில் அணுக்கள் தனித்தனியே உலவுகின்றன என்று நம்பியவருக்கு வேறு வழியில்லை.

சட்டம் பயின்று, பின் அறிவியலுக்கு வந்த இத்தாலியர் அவகாட்ரோ 1811இல் விடை கூறினார்: நைட்ரஜனின் துகள் ஓர் அணுவன்று, இணைந்த இரண்டு அணுக்கள். பிளவுபடுவது மூலக்கூறே, அணு முழுமையாகவே இருக்கிறது. ஆனால் ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று சேரா என்பது பெர்சீலியஸின் மின்கொள்கை. அவர் செல்வாக்கின்முன் அவகாட்ரோவின் குரல் எடுபடவில்லை.

விளைவு பெருங்குழப்பம். கார்பனின் அணு எடை சிலருக்கு 6, சிலருக்கு 12. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றா, இரண்டா என்பதிலும் ஒற்றுமையில்லை. அசெட்டிக் அமிலத்திற்கு வழங்கிய 19 வாய்பாடுகளைக் கெக்குலே தம் நூலில் பட்டியலிட்டார்.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடினர். அவகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு எடைகளை ஒழுங்குபடுத்தலாம் என்று கன்னிசாரோ வாதாடினார். மாநாடு எதையும் தீர்மானிக்கவில்லை. முடிவில் அவருடைய சிறு நூலின் படிகள் வழங்கப்பட்டன. அதைப் படித்த லோதர் மேயர் தெளிவு பெற்றார்; மாநாட்டிற்கு வந்திருந்த மெண்டலீவும் புதிய அணு எடைகளை ஏற்றார். அவகாட்ரோ இதைக் காணவில்லை, 1856இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு சிறு செய்தி: 22.4 லிட்டர் என்பது 0° செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்திற்கு உரியது. 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1 பார் என மாற்றியது, அதன்படி 22.7 லிட்டர். கணக்கில் எந்த அழுத்தம் தரப்பட்டுள்ளது என்று முதலில் பார்த்துக்கொள்க.