கத்தியில் பொறித்த பெயர் யாருடையது?

பழம்பொருள் சேகரிப்போரில் பல வகையினர் உண்டு. நாணயம் சேர்ப்போரையும் அஞ்சல்தலை சேர்ப்போரையும் ஓலைச்சுவடி தேடி அலைவோரையும் நாம் அறிவோம். இத்தாலிய நாட்டுப் பொத்தான் கத்திகளைத் தேடிச் சேர்ப்போரும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர் என்பது வாசகர்களில் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கைப்பிடியிலுள்ள குமிழை அழுத்தியதும், உள்ளே மடங்கிக் கிடக்கும் அலகு வில்லின் விசையால் தெறித்து வெளிவரும். திரைப்படங்களில் போக்கிரிகளின் கையில் நாம் கண்டு பழகிய கத்திதான் அது. ஆயினும் அதற்குப் பின்னால் உழைத்துப் பிழைத்த கொல்லர்களின் நீண்ட சரித்திரம் ஒன்று இருக்கிறது. அச்சரித்திரத்தின் விசித்திரம் யாதெனில், அலகில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் அதைச் செய்தவனுடையதாக இராது என்பதே.

இத்தாலியில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் சில. அவற்றுள் ஒன்று ஸ்கார்பேரியா. பிளாரன்ஸ் குடியரசு 1306-ஆம் ஆண்டில் நிறுவிய கோட்டையூர் இது. பொலோனாவுக்குச் செல்லும் மலைப்பாதை இவ்வூரினூடே சென்றமையால் வழிப்போக்கர்கள் இங்கே தங்கினர். தங்கியவர்கள் கத்தி வாங்கினர். இவ்வூர்க் கத்திக்கொல்லர்கள் 1538-லேயே தமக்கெனச் சங்க விதிகளை எழுதி வைத்துக்கொண்டனர்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது மனியாகோ. வடகிழக்கே பிரியூலி நாட்டில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கிறது. வெனிஸ் குடியரசின் ஆட்சிக் காலத்தில், 1453-இல், அவ்வூர்ப் பிரபு நிக்கோலோ மலையோடையின் நீரைக் கால்வாயாகத் திருப்ப அனுமதி பெற்றார். அந்நீர் மாவாலைகளைச் சுழற்றியதோடு இரும்பை அறையும் பெருஞ்சம்மட்டிகளையும் தூக்கிப் போட்டது. கோடரி, அரிவாள் முதலியன செய்வோர் பருவேலைக் கொல்லர் என்றும், கத்தி, கத்தரிக்கோல் செய்வோர் நுண்வேலைக் கொல்லர் என்றும் காலப்போக்கில் இரு பிரிவினர் ஆயினர். ஒரு மடக்குக்கத்திக்கு அலகு, வில், உட்தகடு, கொம்புப் பிடி, பூண் எனப் பல உறுப்புகள். அவற்றை ஒன்றோடொன்று பொருந்த அராவிச் சேர்ப்பது நுண்வேலையன்றி வேறென்ன?

இனி, முத்திரைக்கு வருவோம். எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த காலத்தில் ஐரோப்பியக் கத்திக்கொல்லர்கள் கிரீடம், விண்மீன், சாவி போன்ற சிறு உருவங்களை அலகில் அச்சடித்தனர். அது அலங்காரமன்று, பிணை. அலகு முறிந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அதுவே விடை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அமைந்த கத்திக்கொல்லர் சங்கம் இம்முத்திரைகளைப் பதிவு செய்து காத்து வந்தது. அடுத்தவன் முத்திரையைத் திருடுவது அவனுடைய நற்பெயரையே திருடுவதற்கு ஒப்பாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இந்த ஒழுங்கு இருபதாம் நூற்றாண்டில் குலைந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்க்ஸ் 1907-இல் மனியாகோவில் பெரிய தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். மறு ஆண்டே இத்தாலிய அரசு கத்திகளுக்குக் கடுமையான சட்டம் இயற்றிற்று. வெளியே எடுத்துச் செல்லும் கத்தியின் கூரிய அலகு நான்கு சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்றது. கொல்லர்கள் முனையை வெட்டி மொட்டையாக்கிய கத்திகளைச் செய்து பிழைத்தனர். முனை மழுங்கிய பழைய கத்தி ஒன்றைக் காணும்போது, முத்திரை எதுவும் இல்லாவிடினும், அந்தச் சட்டத்தின் முத்திரை அதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் இத்தாலியப் பொத்தான் கத்திகளை ஊருக்குக் கொண்டு சென்றனர். தேவை பெருகிற்று, மனியாகோவின் பட்டறைகள் ஏற்றுமதிக்கென உழைத்தன. இங்கேதான் சுங்கச் சட்டத்தின் ஒரு சிறு சொல் பெரிய வேலை செய்தது. இறக்குமதியாகும் மடக்குக்கத்திகளின் அலகில் செய்தவர் பெயரோ வாங்குபவர் பெயரோ, அதன் கீழ் நாட்டின் பெயரோடு, ஆழமாகப் பொறிக்கப்பட வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்திருந்தது. 'வாங்குபவர்' என்ற ஒரு சொல் போதாதா? செய்தவன் பெயர் இல்லாமலே சட்டம் நிறைவேறிவிட்டது. சேகரிப்போர் இன்று உயர்வாக மதிக்கும் 'லட்டாமா' என்ற பெயர் நியூயார்க்கின் இறக்குமதி நிறுவனம் ஒன்றினுடையது. கொல்லனோ கடலுக்கு அப்பால் இருந்தான்.

புதியவர்களை ஏமாற்றும் சொற்கள் வேறு சில உண்டு. 'ரோஸ்ட்ஃப்ரை' என்ற பொறிப்பைக் கண்டு ஜெர்மானியக் கொல்லன் ஒருவன் பெயர் என்று எண்ணிவிடுவர். அது துருப்பிடிக்காதது என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல். 'இனாக்ஸ்' என்பதும் அப்பொருளே தரும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். இரண்டும் இத்தாலியக் கத்திகளிலேயே இருக்கக் காணலாம்!

ஆகவே, தேர்ந்தவர்கள் பெயரை நம்பாமல் வேலைப்பாட்டைப் பார்க்கின்றனர். அலகை மீண்டும் மடக்க, முதுகிலுள்ள சிறு நாக்கை நகத்தால் தூக்க வேண்டியிருந்தால் அது பழைய வகை; முன்பூணைத் திருப்பி மடக்குவதாயின் பிற்காலத்தது. பூணின் வடிவம், தறையாணிகளின் இடம், வில்லை அராவிய முறை ஆகியவற்றை ஒப்பிட்டால், வெவ்வேறு வணிகர் பெயர் தாங்கிய இரு கத்திகள் ஒரே பட்டறையில் பிறந்தவை என்பதும் சில வேளை விளங்கும்.

1957-இல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' என்ற அமெரிக்கப் படத்தில், கொலைக்குப் பயன்பட்ட பொத்தான் கத்தி போன்று வேறொன்று இல்லை என்று வாதிடுகின்றனர். நடுவர்களில் ஒருவர் அதே போன்ற கத்தியைத் தம் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். அருகிலுள்ள அடகுக்கடையில் ஆறு டாலருக்கு வாங்கியதாம்! அடுத்த ஆண்டே, 1958-இல், இவ்வகைக் கத்திகளின் இறக்குமதியை அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது. 1959-இல் பிரிட்டன் விற்பனையைத் தடை செய்தது. மனியாகோவுக்கு வந்துகொண்டிருந்த பெருஞ்சந்தை அடைபட்டது. தடையினால் அருமை கூடிற்று. அருமையினால் விலை கூடிற்று. விலையினால் பழைய பெயரைப் புதிய அலகில் பொறிக்கும் போலிகளும் வந்தன.

மனியாகோவில் இப்போது கொல்லர் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மார்க்ஸ் தொடங்கிய அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே அதனை அமைத்திருக்கின்றனர். ஏலப் பட்டியல்களிலோ, அவ்வூர்க் கொல்லர் அராவிய கத்திகள் இன்னமும் நியூயார்க் வணிகனின் பெயரில்தான் விலை போகின்றன.