உண்ணிச்செடியின் மஞ்சள்

சிங்கப்பூரில் உண்ணிச்செடிக்கு மரியாதை உண்டு. பட்டாம்பூச்சி வரட்டும்னே பூங்காக்களிலும் வீவக புளோக்குகளுக்குக் கீழேயும் நட்டு வைக்கிறார்கள். லிட்டில் இந்தியா பூக்கடைகளில் மட்டும் யாரும் இதைத் தொடுப்பதில்லை. மலாய்க்காரர்கள் வைத்த பெயர் கோழி எச்சப் பூ. இலையைக் கசக்கி மோந்து பாருங்க, பெயர் சரிதான்னு தோணும்.

ஆங்கிலத்தில் காட்டு சேஜ், மஞ்சள் சேஜ் என்பார்கள். நிஜமான சேஜ் துளசிக் குடும்பம். இது வெர்பினா குடும்பம். சதுரத் தண்டும் நெடியடிக்கும் சொரசொர இலையும்தான் ஒற்றுமை. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் லாண்டனா கமாரா. தென், மத்திய அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து சேர்ந்தது.

அழகுக்குக் காரணம் அந்த நிறம் மாறும் கொத்து. பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் 1877இல் இதைப் பதிவு செய்தார்: பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. ஊதாப் பூவைப் பட்டாம்பூச்சிகள் தொடவில்லை. என்னை மாதிரி எஞ்சினியருக்கு இது சிக்னல். மஞ்சள்னா 'வா, தேன் இருக்கு'. நிறம் மாறிட்டா 'இங்க முடிஞ்சுது, பக்கத்துப் பூவைப் பாரு'.

அப்புறம் கறுத்த பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும். இலையின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும். நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் புல் இருக்க வேண்டிய இடத்தில் இன்று முள்புதர்.

அந்நியச் செடின்னு திட்டிட்டுப் போயிடலாம். ஆனால் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் வேறு கணக்கு சொல்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். 1974இல் அங்கே சரணாலயம் வந்தது, அந்தத் தீ நின்றது. உண்ணி காட்டை மூடியது அதற்குப் பிறகுதான் என்கிறார்கள்.

சிங்கப்பூரில் இதே செடி இடுப்பளவில் அடங்கி நிக்குதுன்னா, வெயில்ல நின்னு கத்தரிக்கிற ஆட்கள் இருக்காங்க. நம்ம ஊர்லேர்ந்து வந்த அண்ணன்களும் அதில் உண்டு.

கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்தினர் இந்தத் தண்டுகளை வளைத்து நிஜ அளவு யானைகள் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டைப் பராமரிச்ச கைகளைத் தடுத்துட்டு, செடியை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.