அளந்த எண்ணும் எழுதிய எண்ணும்: தங்கவயல் சுரங்க வரைபடங்களை முன்வைத்து

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஓர் இடத்தின் ஆழம் மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்ட இடம் அது. அடிக்கணக்கில் ஏறத்தாழ 7,500; மெட்ரிக் கணக்கில் 2.3 கிலோமீட்டர், இயற்பியலாளர் கணக்கிலோ ஏறத்தாழ 7,000 மீட்டர் நீருக்கு நிகரான பாறை. மூன்றும் உண்மையே. ஆனால் அலகு உதிர்ந்துவிட்டால், 7,500, 7,000 ஆகிய இரண்டும் ஒரே அளவையின் முரண்பட்ட மதிப்பீடுகளாகத் தோன்றும். வரைபடத்தில் கோட்டைக் காட்டிலும் அதன்மேல் எழுதப்படும் குறிப்புக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு அடியெடுத்து வைத்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. மெட்ரிக் அளவைக்கான சட்டமும் அதே ஆண்டில்தான் இயற்றப்பட்டது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாகி, 2001 பிப்ரவரி 28இல் பணி நின்றது. ஆகவே இவ்வூரின் சுரங்க வரலாறு அடி, மீட்டர் என்னும் இரு அளவைகளின் காலத்திலும் விரிகிறது. சாம்பியன் ரீஃபின் ஆழம் ஏறத்தாழ 10,500 அடி, அதாவது 3,200 மீட்டர். மூடலுக்குப் பின் இறைப்பு நின்றது. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. இனி எவரும் உள்ளே இறங்கி மறுஅளவை செய்ய இயலாது. ஆய்வாளருக்கும், அந்நிலத்தின்மேல் வாழும் மக்களுக்கும் எஞ்சியிருக்கும் முதன்மைச் சான்று வரைபடமே.

இத்தகைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளில், 1986 முதல் ஆட்டோலிஸ்ப் என்னும் நிரல்மொழி இருந்துவருகிறது. அம்மென்பொருளில் ஓர் அளவுக்குறிக்கு இரு மதிப்புகள் இருக்கக்கூடும். ஒன்று, கோட்டின் நீளத்திலிருந்து மென்பொருளே கணக்கிடுவது; அது 42 என்னும் குறியெண்ணின் கீழ் அமைகிறது. மற்றொன்று, வரைபவர் தட்டச்சு செய்வது. அது 1 என்னும் குறியெண்ணின் கீழ் அமைகிறது. இரண்டாவது நிரப்பப்பட்டால் தாளில் அதுவே தெரியும். கோடு நீண்டாலும் அது மாறாது. எல்லா அளவுக்குறிகளையும் தேர்ந்து, குறியெண் 1 நிரம்பியவற்றை மட்டும் பிரித்து, இரு மதிப்புகளையும் அருகருகே பட்டியலிடச் சில வரி நிரல் போதும்.

பொறியியல் அலுவலகங்களில் தட்டச்சு செய்த எண் பெரும்பாலும் பிழையாகவே கருதப்படும். கோடு அளந்து சொல்வதே நம்பத்தக்கது. ஆவணக் காப்பகத்தில் இம்முறை தலைகீழாகலாம். கோடு என்பது சுருங்கியும் மடிந்தும் போன பழைய துணித்தாளின் பிரதியிலிருந்து இன்று எடுக்கப்பட்ட நகல். எண்ணோ, நிலத்தடியில் நின்று அளந்த நிலஅளவையாளர் எழுதியதாக இருக்கலாம். எனவே இரண்டும் வேறுபடும் இடங்களை நிரல் 'திருத்த'க் கூடாது. தனி அடுக்கில், தனி நிறத்தில் அடையாளப்படுத்துவதோடு நிற்க வேண்டும்.

அலகுக்கும் இதுவே நெறி. அடியில் வரைந்த படத்தில் மாற்றலகு வசதியை இயக்கி, பெருக்கெண்ணை 0.3048 என அமைத்தால், மென்பொருள் கணக்கிடும் அளவுக்கு அருகே மீட்டர் அடைப்புக்குறிக்குள் தோன்றும். மூல எண் அழிவதில்லை. அடியை நீக்கி மீட்டரை மட்டும் எழுதும் நிரல் படத்தை ஒழுங்காகக் காட்டும்; ஆனால் அவ்வெண் எக்காலத்தது, எவர் அளந்தது என்னும் தடயத்தை மறைத்துவிடும்.

சுரங்க நகரங்களை ஆராயும் மாணவர்கள் தம் ஆய்வேட்டில் வரைபடத்துடன் நிரலையும் பின்னிணைப்பாகத் தர வேண்டும். எந்த எண்ணை வைத்துக்கொண்டோம், எதை மாற்றினோம் என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று; அது சான்றுத் தேர்வு. நீரில் மூழ்கிய சுரங்கத்தைப் பொறுத்தவரை, அத்தேர்வைச் சரிபார்க்க வேறு வழியில்லை.