படநூல்களில் முஸ்லிம் சிறுமி: சாளரமும் கண்ணாடியும்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே குழந்தை படத்தைப் படித்துவிடுகிறது. யார் வீரர், யார் இரங்கத் தக்கவர், யார் அந்நியர் என்பதை வண்ணமும் கோடும் அதற்கு முதலில் சொல்லிக் கொடுக்கின்றன. ஆகவே, ஆங்கிலச் சிறுவர் படநூல்களில் முஸ்லிம் பெண் எவ்வாறு தீட்டப்பட்டாள் என்னும் வரலாறு, ஒரு தலைமுறையின் பார்வை உருவான வரலாறும் ஆகும்.

அமெரிக்காவில் சிறுவர் நூல்களின் வண்ணச் சார்பை எண்ணிக்கையோடு வெளிக்கொணர்ந்தவர் நான்சி லாரிக். 1962 முதல் 1964 வரை வெளிவந்த ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட நூல்களை ஆராய்ந்த அவர், கறுப்பினத்தார் இடம்பெற்றவை 6.7 விழுக்காடே என 1965இல் எழுதினார். பின்னர் 1990இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை, நூல் என்பது பிறரைக் காணச் சாளரமாகவும் தன்னைக் காணக் கண்ணாடியாகவும் அமைய வேண்டும் என்றார். முஸ்லிம் சிறுமியைப் பொறுத்தவரை சாளரமே அகலத் திறந்தது; கண்ணாடி பிந்தியே வந்தது.

அந்தச் சாளரமும் பெரிதும் போர்க்களத்தை நோக்கியே திறந்தது. 2001க்குப் பிந்திய ஆப்கன், இராக் போர்களின் பின்னணியில் அமெரிக்க ஓவியர் ஜெனெட் விண்டர் 2005இல் பஸ்ராவின் நூலகர் பற்றி ஒரு படநூல் படைத்தார். ஆலியா முஹம்மத் பாக்கர் என்னும் அம்மாது, 2003 போரின்போது நூல்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற இசைவு கேட்டார், ஆளுநர் மறுத்தார். எனினும் அண்டை அயலாரின் துணையோடு ஏறத்தாழ 30,000 நூல்களை அவர் காப்பாற்றினார். பின்னர் நூலகம் தீக்கிரையாயிற்று. 2009இல் விண்டர் வெளியிட்ட இன்னொரு நூலில், தாலிபான் ஆட்சிக்கால ஹெராத் நகரில் நஸ்ரீன் என்னும் சிறுமி மறைவாக நடக்கும் பள்ளிக்குச் செல்கிறாள்.

இவற்றைப் பழித்தல் முறையன்று. பிறர் வந்து காக்கும்வரை காத்திராத பெண்ணின் உண்மை வரலாறே ஆலியாவின் கதை. தீங்கு தனி நூலில் இல்லை. நூலடுக்கின் மொத்தத்தில் உள்ளது. ஒரு குழந்தை காணும் முஸ்லிம் பெண்கள் அனைவரும் இடிபாடுகளுக்கு நடுவிலேயே நிற்பார்களானால், பக்கத்து இருக்கையில் அமரும் ஆயிஷாவையும் அது இரக்கத்தோடோ அச்சத்தோடோதான் நோக்கும்.

கண்ணாடியைச் செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் லாகூரில் பிறந்து கனடாவில் வளர்ந்த ருக்ஸானா கான். 2003இல் வந்த அவரது படநூலில், கோழிகளுக்கு அஞ்சும் ஸபா என்னும் சிறுமி குளியலறையில் பாம்பைக் கண்டதாக எண்ணித் துணிந்து அதை எதிர்கொள்கிறாள். அது பாட்டியின் நாடா என்று பிறகு தெரிகிறது. முற்றத்துக் கோழிகளின் மீதிருந்த அச்சமும் அத்தோடு அகல்கிறது.

2010இல் அவர் எழுதிய 'பிக் ரெட் லாலிபாப்' இன்னும் நுட்பமானது. பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கப்பட்ட ரூபினாவைத் தங்கை ஸனாவையும் அழைத்துச் செல்லுமாறு தாய் வற்புறுத்துகிறார். விருந்து கெடுகிறது, ரூபினா சேமித்து வைத்த மிட்டாயையும் தங்கை தின்றுவிடுகிறாள். பின்னொரு நாள் ஸனாவுக்கு அழைப்பு வருகிறது. கடைக்குட்டி மர்யமும் உடன்செல்ல அடம்பிடிக்கிறாள். பழிதீர்க்கும் வாய்ப்பு கைக்கு எட்டியும், ரூபினா தங்கைக்காகவே தாயிடம் பரிந்து பேசுகிறாள். 'அத்ல்' என்னும் நீதியையும் அதனினும் உயர்ந்த 'இஹ்ஸான்' என்னும் நன்மையையும், அச்சொற்களைச் சொல்லாமலேயே உணர்த்தும் கதை இது. போரும் இதில் இல்லை. முக்காடு பற்றிய வழக்காடலும் இல்லை. நியூயார்க் பொது நூலகம் 2013இல் தொகுத்த நூற்றாண்டின் 100 சிறந்த சிறுவர் நூல்களுள் இதுவும் ஒன்று.

2016இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனம் முஸ்லிம் சிறார்க்கென 'ஸலாம் ரீட்ஸ்' என்னும் பிரிவைத் தொடங்கியது. அதன்வழி 2018இல் வந்த ஜமீலா தாம்ப்கின்ஸ் பிக்லோவின் நூலில், தாயின் கிமாரை அணிந்து ஒரு சிறுமி அரசியாகவும் வீராங்கனையாகவும் விளையாடுகிறாள். முஸ்லிம் அல்லாத பாட்டியும் அவளை அன்போடு அணைக்கிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சு அணிப்போட்டியில் வெண்கலம் வென்ற இப்திஹாஜ் முஹம்மத், எஸ்.கே. அலியுடன் இணைந்து 2019இல் எழுதிய நூலோ, அக்கா ஹிஜாப் அணிந்து பள்ளிக்குச் செல்லும் முதல் நாளைத் தங்கையின் பெருமிதக் கண்களால் காண்கிறது.

முக்காட்டை மகிழ்ச்சியின் ஆடையாகக் காட்டும் இந்நூல்கள் காலத்தின் தேவை. ஆயினும் அவையும் வெளியிலிருந்து எழுப்பப்பட்ட கேள்விக்கு விடை கூறுவனவே. எந்நேரமும் தன் ஆடைக்கு விளக்கம் தந்துகொண்டிருக்கும் சிறுமிக்கு, மிட்டாய்க்காகத் தங்கையோடு சண்டையிட நேரம் ஏது? விடைகூறும் உரிமையோடு, விடைகூறாமல் விளையாடும் உரிமையும் அவளுக்கு வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு நூல் தேரும்போது ஒன்றை எண்ணிப் பார்ப்போம். போரையும் முக்காட்டையும் நீக்கிவிட்டால், இக்கதைச் சிறுமிக்கு எண்ணவும் செய்யவும் என்ன எஞ்சுகிறது? ஏராளமாக எஞ்சுமானால், அந்நூல் அவளை முழு மனுஷியாகக் கண்டிருக்கிறது.