மின்கிதாரும் மலைப்பாட்டும்

1960-ஆம் ஆண்டு ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற இளைஞர் ஒலிப்பதிவுக் கருவியுடன் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதிக்குச் சென்றார். கிளாரன்ஸ் ஆஷ்லி என்னும் முதிய பாஞ்சோ கலைஞரைப் பதிவு செய்வது அவர் நோக்கம். நகரத்துப் படித்த இளைஞர்கள் கலப்பற்ற நாட்டார் இசையைத் தேடி அலைந்த காலம் அது. ஆஷ்லிக்குத் துணை வாசிக்க, எல்லைக்கு அப்பால் வட கரோலினாவின் டீப் கேப் என்ற சிற்றூரிலிருந்து முப்பத்தேழு வயதுக் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். பார்வையற்றவர். ஆனால் அவர் கையில் இருந்தது மின்கிதார். ரின்ஸ்லர் முகம் சுளித்தார். மின்சாரம் கலவாத கிதாரை வாசிக்க முடியுமா என்று கேட்டார். தன்னிடம் அப்படி ஒன்று இல்லை, பழகிய கருவியைத்தான் வாசிப்பேன் என்றார் வந்தவர்.

அவர்தான் டாக் வாட்சன். இயற்பெயர் ஆர்தெல் லேன் வாட்சன். 1923-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்நோயால் பார்வையை இழந்தவர்.

அந்தச் சந்திப்பு அத்துடன் முறிந்திருக்கலாம். முறியாததற்குக் காரணம் ஒரு சிறு லாரிப் பயணம். வண்டியின் பின்தட்டில் அமர்ந்து ரின்ஸ்லர் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருக்க, வாட்சன் அதை வாங்கி ‘டாம் டூலி’யை வாசித்தார். 1958-இல் கிங்ஸ்டன் ட்ரியோ குழு பாடி நாடெங்கும் புகழ்பெற்ற அதே பாடல்தான். 1866-இல் வாட்சனின் ஊருக்கு அருகே நடந்த ஒரு கொலையைப் பற்றியது. வாட்சன் குடும்பத்தாருக்கோ அது வானொலி தந்த பாட்டு அல்ல, வீட்டில் பாட்டி பாடியது. தேடி வந்த புதையல் மின்கிதாருடன் எதிரே உட்கார்ந்திருந்ததை ரின்ஸ்லர் அப்போதுதான் உணர்ந்தார்.

வாட்சனின் இசைக்கல்வியைப் பார்த்தால் ரின்ஸ்லர் தேடிய தூய்மை எத்தனை கற்பனையானது என்று விளங்கும். அவருடைய தந்தை மகனுக்குத் தம் கையால் ஒரு பாஞ்சோ செய்து கொடுத்தார். அதன் முகத்துக்குப் போர்த்தியது பூனைத்தோல். இதைவிட நாட்டார் தன்மையுள்ள தொடக்கம் வேறென்ன வேண்டும்? ஆனால் அதே வீட்டில் ஒரு கிராமபோனும் இருந்தது. கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அதில் பாடினார்கள். ராட்ஜர்ஸ் ‘பிக்’ எனப்படும் சிறு தகட்டால் மீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் தாமும் அதைக் கையிலெடுத்ததாக வாட்சன் பின்னாளில் சொன்னார்.

அந்த ராட்ஜர்ஸ் வெள்ளையர். பாடியதோ கறுப்பின மக்களின் ப்ளூஸ். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டருடன் பாட்டுச் சேகரிக்க ஊர் ஊராய்ச் சென்ற லெஸ்லி ரிடில் ஒரு கறுப்பினக் கிதார் கலைஞர். 1940-களில் புளூகிராஸ் என்ற வடிவத்தை உருவாக்கிய பில் மன்றோ, இளமையில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞருடன் நடனக் கூட்டங்களில் வாசித்தவர். 1920-களின் இசைத்தட்டு நிறுவனங்கள்தாம் கறுப்பருக்கு ஒரு பட்டியல், மலைவாழ் வெள்ளையருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. கிராமபோன் முன் அமர்ந்திருந்த பார்வையற்ற சிறுவனுக்கு அந்தப் பட்டியல்களால் என்ன ஆகப்போகிறது!

வாட்சனின் பெரும்பங்களிப்பு எது என்று கேட்டால், பிடிலுக்கு உரிய அதிவேக நடன மெட்டுகளைக் கிதாரில் ஒரு சுரமும் நழுவாமல் வாசித்தது என்பார்கள். அதுவரை இக்குழுக்களில் கிதார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநின்ற கருவி. இந்த வாசிப்பை 1960-களின் நகரத்து ரசிகர்கள் தொன்மையான மலை மரபு என்று கொண்டாடினார்கள். உண்மை வேறு. 1950-களில் ஜாக் வில்லியம்ஸின் நடனக் குழுவில் அவர் மின்கிதார் வாசித்துவந்தார். கண்ட்ரி, ராக்கபில்லி என்று கேட்டதையெல்லாம் வாசித்த குழு அது. ஜோடிகள் சதுரமாக நின்றாடும் நடனத்துக்குப் பிடில் மெட்டு வேண்டும். குழுவிலோ பிடில்காரர் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் வாட்சன் அம்மெட்டுகளைக் கிதாரில் பழகினார். ரின்ஸ்லர் வெறுத்த அதே மின்கிதார்தான் அவர் பின்னர் போற்றிய கலையின் தாய்மடி. நாட்டார் கலை குறித்த நம்முடைய சில ஆவேசங்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

ரின்ஸ்லரைக் குறைசொல்வதற்கில்லை. அவர் இல்லையென்றால் 1963-இல் நியூபோர்ட் விழா மேடையோ, 1964-இன் முதல் தனி இசைத்தட்டோ இல்லை. அதுவரை பியானோக்களுக்குச் சுருதி கூட்டியும் பிழைத்தவர் வாட்சன்.

1964-இல் அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் பதினைந்து வயது மகன் மெர்ல், தாய் ரோசா லீயிடம் கிதாரின் முதல் பாடங்களைக் கற்றான். சில மாதங்களில் தந்தையுடன் மேடையேறினான். மகனின் நாட்டம் ப்ளூஸில் ஆழ்ந்து சென்றது. கென்டக்கியின் கிதார் மேதை மெர்ல் டிராவிஸின் நினைவாக வைத்த பெயர் அது. டிராவிஸின் கட்டைவிரல் வாசிப்பின் மரபும், ஆசிரியர்களின் ஆசிரியர்கள் வழியே, அந்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸிடம்தான் போய்ச் சேர்கிறது. 1971-இல் நாஷ்வில்லில் ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ தொகுப்பின் ஒலிப்பதிவில் வாட்சனும் டிராவிஸும் முதன்முறை சந்தித்தபோது, கருவி ஓடிக்கொண்டிருந்தது. மகனுக்கு உங்கள் பெயரை வைத்தேன் என்று கூச்சத்துடன் வாட்சன் சொல்வதை இன்றும் அந்தத் தட்டில் கேட்கலாம். நான் பாடல்களைவிட அதிகமுறை கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

1985 அக்டோபரில் மெர்ல் டிராக்டர் விபத்தில் இறந்தார். வயது முப்பத்தாறு. தந்தை கிதாரைக் கீழே வைத்துவிட எண்ணினார். புதைமணலில் தாம் அமிழ்வதாகவும் மகனின் கை பற்றி இழுத்ததாகவும் கனவு கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மீண்டும் வாசித்தார். மகன் நினைவாக 1988-இல் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் விழா தொடங்கியது. அங்கே எந்த இசைக்கு இடம் என்று கேட்டவர்களுக்கு, மரபிசையும் அதனுடன் நீங்கள் வாசிக்க விரும்பும் எதுவும் என்ற பொருளில் பதில் சொன்னார். 1995-இல், எழுபத்திரண்டு வயதில், 1950-களில் நடனக் கூடங்களில் வாசித்த ராக்கபில்லிப் பாடல்களை ‘டாக்கபில்லி’ என்ற பெயரில் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்.

2012 மே மாதம் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு பூன் நகரத் தெருவோரம் அவருக்குச் சிலை வைத்தார்கள். மக்களில் ஒருவன் என்று மட்டும் பொறிப்பதானால் சம்மதம் என்றிருந்தார். பெஞ்சில் அமர்ந்து கிதார் வாசிக்கும் வெண்கலச் சிலை அது. பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள்.