பதினான்கு ஊசி சொன்ன பாடம்



ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் முதலில் கால் வைக்கும் இடம் தேக்கா. சிராங்கூன் சாலையில் பூவும் மளிகையும் வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்த வட்டாரத்துக்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று பெயர். முன்பு அங்கே மாட்டு வாணிபம் நடந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924-இல் இலவசப் பிரசவ மருத்துவமனை ஆயிற்று. 1966-இல் மட்டும் 39,000-க்கும் அதிகமான குழந்தைகள் அங்கே பிறந்தன. 1997-இல் அது அருகிலேயே புதுக் கட்டடத்துக்கு மாறி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆயிற்று. பிள்ளைகளின் மூளைக்கும் நரம்புக்கும் வரும் நோய்களை இன்று அங்கே தனிப் பிரிவில் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு நோயின் வரலாற்றைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. பத்து நாள் கழித்து வகுப்பில் தூங்கி வழிந்தாள். நாமும் விவரம் தெரியாமல் அதட்டினோம். மறுநாள் நடக்கும்போது தள்ளாடினாள், பேச்சுக் குழறியது. 'பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது' என்று வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்று நாள் போன பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நல்லவேளையாகப் பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் நமக்கு மனம் உறுத்துகிறது.

அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது என்ன? மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளின் மேலும் ஓர் உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். கம்பியின் உறை கிழிந்தால் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும் அல்லவா? அதுபோல மயலின் உறை அழிந்தால் மூளையின் கட்டளை கைகாலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ சளியோ வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படையே ஆள் மாறித் தன் மூளையின் உறையைத் தாக்கிவிடுகிறது. இதை மருத்துவர்கள் 'ஏடெம்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அபூர்வமான நோய்தான். பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது.

இந்த நோயை உலகம் நெடுங்காலம் புரிந்துகொள்ளவில்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் லூகாஸ் என்ற மருத்துவர், தட்டம்மைக்குப் பின் கைகால் செயலிழந்த ஒரு பெண்ணைப் பற்றி 1790-இலேயே எழுதி வைத்தார். நம் பாட்டிமார் மணல்வாரி என்று சொல்வது இந்தத் தட்டம்மையைத்தான். அம்மைக் கிருமியே மூளைக்குள் புகுந்துவிட்டதா, வேறு காரணம் உண்டா என்பது அன்று யாருக்கும் தெளிவாகவில்லை.

விடைக்கு வழி காட்டியது, நம் பெரியவர்கள் நன்கு அறிந்த ஒரு மருந்து. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் கதை இது.

1885-இல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். அந்த வைத்தியம் நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1907-இல் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. வடக்கே கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் மலிவாகவும் எளிதாகவும் செய்யக்கூடிய ஒரு மருந்தை வெளியிட்டார். வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போடும் முறை அது. ஆட்டு மூளையில் செய்த இந்த மருந்து இந்தியாவிலும் பல ஆசிய நாடுகளிலும் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விழுந்தது; சிலர் இறந்தும் போனார்கள். இடத்துக்கு இடம் கணக்கு வேறுபட்டது: சில நூறு பேருக்கு ஒருவர் என்றும், பல ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும். இவர்களுக்கு வந்தது வெறிநோய் அல்ல. மயலின் உறை அழிந்த நோய். 1933-இல் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் குரங்குகளுக்குக் கிருமி ஏதும் சேர்க்காத முயல் மூளைக் கரைசலைப் பலமுறை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சில குரங்குகளுக்கு அதே நோய் வந்தது. கிருமி நேரே தாக்காமலே, உடலின் எதிர்ப்புச் சக்தி திசைமாறி மூளையின் உறையை அழிக்கக்கூடும் என்பது அப்போது விளங்கியது. நாய்க்கடி ஊசிக்கும் அம்மைக்கும் பொதுவாக இருந்த புதிர் அவிழத் தொடங்கியது.

ஆகவே பதினான்கு ஊசிக்குப் பயந்த நம் பெரியவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் இன்று இல்லை. மூளைத் திசு கலவாமல், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் செய்யும் தடுப்பூசி 1970-களில் வந்தது. இந்தியாவும் 2004-இல் ஆட்டு மூளை மருந்தை நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். சிங்கப்பூர் 1953-லேயே வெறிநோயை ஒழித்துவிட்டது. மலேசியாவிலோ 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் அது மீண்டும் தலைகாட்டியது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். பழைய ஊசியின் பயத்தில் புதிய ஊசியை மறுத்தால் உயிரே போய்விடும். வெறிநோய் முற்றிய பிறகு மருந்து இல்லை.

அம்மைக்கும் இதே நியாயந்தான். தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த மூளை அழற்சி வருகிறது. தடுப்பூசியால் அது வருவது மிக மிக அரிது. சிங்கப்பூர் 1976-இல் தட்டம்மைத் தடுப்பூசியைத் தொடங்கி, 1985-இல் அதைக் கட்டாயமாக்கியது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதில் குறையில்லை. வேப்பிலையோடு தடுப்பூசி அட்டையும் வீட்டில் இருக்கட்டும்.

இன்று இந்த நோயைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறது. உறையின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் சில பிள்ளைகளுக்கு இருப்பதை இரத்தச் சோதனையே காட்டிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு நோய் திரும்பவும் வரலாம் என்பதால் தொடர்ந்து கவனிக்கிறார்கள். வைத்தியம், ஸ்டீராய்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் வரை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவது. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் குறை தங்கிவிடுவதும் உண்டு.

தாய்மார்களே, பால்மரக் காட்டுக்கு விடியலிலேயே போய்விடும் உங்களுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நேரம் குறைவு என்பது நமக்குத் தெரியும். என்றாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். காய்ச்சலுக்குப் பின் பிள்ளை காரணமின்றித் தூங்கி வழிந்தால், பேச்சுத் தடுமாறினால், நடை தள்ளாடினால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பில் தூங்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், 'போன வாரம் காய்ச்சல் இருந்ததா?' என்று ஒரு வார்த்தை கேட்போம். கயிறு கட்ட வேண்டுமென்றால் போகிற வழியில் கட்டிக்கொள்ளலாம்.