கட்டடப் பட வரைவாளர் தொழிலின் வரலாறு

கட்டடக் கலைஞரின் எண்ணத்தைக் கொத்தனாரும் தச்சரும் பார்த்து வேலை செய்யக்கூடிய அளவுப் படமாக மாற்றித் தருபவர் கட்டடப் பட வரைவாளர். பேச்சு வழக்கில் இவர் டிராப்ட்ஸ்மேன் எனப்படுகிறார். கடந்த இரு நூற்றாண்டுகளில் இவருடைய கருவிகள் பலமுறை மாறியுள்ளன. ஒவ்வொரு மாற்றத்திலும் இத்தொழிலின் ஒரு பகுதி மறைந்தது. கட்டடத்தைப் பற்றிய அறிவு மட்டும் தேவையாகவே இருந்து வருகிறது.

தொடக்கம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ், முப்பரிமாணப் பொருள்களைத் தாளில் வரையும் முறைக்குக் கணித அடித்தளம் அமைத்தார். தரைப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம் என இன்று மாணவர்கள் பயில்பவை இம்முறையைச் சார்ந்தவை. அவர் கற்பித்த பாரிஸ் எக்கோல் பாலிடெக்னிக் 1794இல் தொடங்கப்பட்டது.

அதே ஆண்டில் சென்னையில் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் நில அளவைப் பள்ளி 8 மாணவர்களுடன் தொடங்கியது. நிலத்தை அளந்து படமாக்கித் தரும் ஆட்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டனர். அப்பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

நகலெடுத்தோர்

ஒரே படம் மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர், அலுவலகம் எனப் பலருக்கும் வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு பிரதியும் கையால் வரையப்பட்டது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த ஒளிப்பட முறையிலிருந்து, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் கொண்ட புளூபிரிண்ட் உருவானது. இதற்கு மூலப்படத்தை ஒளி ஊடுருவும் துணியிலோ தாளிலோ மையால் வரைய வேண்டியிருந்தது. அதற்கெனவே டிரேசர் என்னும் பணி தோன்றியது. பிரிட்டனில் இப்பணியில் பெண்கள் பெருமளவில் இருந்தனர். பின்னர் அம்மோனியா பிரிண்டும், அதன்பின் பெரிய நகல் இயந்திரங்களும் கணினியும் வந்தபோது அப்பணி மறைந்தது.

கணினிக் காலம்

1963இல் ஐவன் சதர்லேண்ட், திரையில் ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலை உருவாக்கினார். 1982இல் ஆட்டோகேட் வெளியானபின் தனிநபர் கணினியிலேயே படம் வரைய முடிந்தது. அழகிய கையெழுத்துக்கும் சீரான கோட்டுக்கும் இருந்த மதிப்பு குறைந்தது. ஒரு சுவரை நகர்த்தத் தாளைச் சுரண்டி அழிக்க வேண்டிய நிலையும் நீங்கியது.

2000இல் வெளியான ரெவிட் போன்ற மென்பொருள்களில் சுவர், கதவு, சன்னல் ஆகியவை வெறும் கோடுகள் அல்ல. அளவும் பொருளும் கொண்ட உறுப்புகள். சன்னலுக்கு மேல் லிண்டல் ஏன் வேண்டும், படிக்கட்டின் மேலே தலை இடிக்காமலிருக்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அறியாதவர், கட்டளைகளை மட்டும் கற்று நல்ல படம் வரைய முடியாது.

பட்டமும் தகுதியும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு பெற்றவரே ஆர்க்கிடெக்ட் என்னும் பட்டத்தைப் பயன்படுத்தலாம். பல ஆண்டு அனுபவமுள்ள வரைவாளருக்கும் அவ்வுரிமை இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் பத்தாம் வகுப்பு முடித்தோர் சேரும் சிவில் வரைவாளர் பயிற்சி 2 ஆண்டுகள். கட்டடக்கலை இளநிலைப் பட்டப் படிப்பு 5 ஆண்டுகள். முன்னது விரைவில் வேலைக்கு இட்டுச் செல்லும். ஆனால் அச்சான்றிதழை மட்டும் கொண்டு ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய இயலாது. இத்தொழிலை நாடும் மாணவர் படிப்பில் சேரும் முன்பே இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.